பெயர்த்து வைத்த வீடுகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸுக்கு நாங்கள் வந்தது ஓர் ஆகஸ்ட் மாதம். கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. எனக்கு வேலை பார்க்க விசாவில் இடமில்லை, காரும் ஓட்டத் தெரியாது. ஆனால் ஊர் பஸ்ஸுக்கு டிக்கெட் கிடையாது. ஏறி டவுனில் இறங்கி நடப்பேன். அப்படி வெயிலுக்கு ஒதுங்கிய இடம்தான் சர்ச்-வாடெல்-பிரம்பி ஹவுஸ்.

1820-ல் கட்டிய மர வீடு. இந்த ஊரில் நிற்கிற வீடுகளிலேயே பழையது அதுதான். உள்ளே பயணிகளை வரவேற்கும் பெண்மணி என் கையில் ஒரு மேப்பைக் கொடுத்துவிட்டு, "இந்த வீடு முதலில் இங்கே இல்லை, 1960-களில் இடிக்கப் போனார்கள், பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தோம்" என்றார். செங்கல்லும் சுண்ணாம்புமாக வீடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. மரச்சட்டத்தில் கட்டியதால் அஸ்திவாரத்தை விட்டுத் தூக்கி வண்டியில் ஏற்றிவிடலாமாம்.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு என்று கிளம்பிவிட்டேன். பதின்மூன்று தூண்களோடு நிற்கும் டெய்லர்-கிரேடி ஹவுஸ் அழகுதான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது டி.ஆர்.ஆர். காப் ஹவுஸ். இளஞ்சிவப்புச் சாயம், இரண்டு பக்கமும் எண்கோண அறைகள். காப் ஒரு வழக்கறிஞர். அடிமை முறையை நியாயப்படுத்தி 1858-ல் சட்ட நூல் எழுதியவர். தென் மாநிலங்கள் அமெரிக்காவை விட்டுப் பிரிந்துபோனபோது அவற்றின் அரசியல் சாசனத்தை எழுதியதில் பெரும் பங்கு அவருக்கு. 1862 டிசம்பரில் ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் போரில் இறந்தார். அந்த வீட்டில் சமைத்ததும் துவைத்ததும் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்ததும் அவர் அடிமைகளாக வைத்திருந்த மனிதர்கள். மேஜையில் பீங்கான் தட்டுகளைப் பார்த்தபோது, அவற்றைக் கழுவிய கைகள்தான் மனதில் வந்தன.

இந்த வீட்டையும் பெயர்த்திருக்கிறார்கள். 1985-ல் அட்லாண்டா பக்கம் ஸ்டோன் மவுன்டனுக்குப் போய், ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து ஏதென்ஸுக்கே திரும்பி வந்திருக்கிறது.

இதையெல்லாம் பஸ்ஸில் பழக்கமான ஒரு வயதான கறுப்பினப் பெண்மணியிடம் ஆசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லின்னென்டவுனுக்குப் போனாயா?" என்றார்.

போனேன். பார்க்க அங்கே வீடு எதுவும் இல்லை. பல்கலைக்கழக விடுதிகள் நிற்கின்றன: கிரஸ்வெல், பிரம்பி, ரசல். 1960-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் ஏறக்குறைய 50 கறுப்பினக் குடும்பங்களின் நிலத்தைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு, வீடுகளை இடித்துவிட்டார்கள். கொத்தனார், பிளம்பர் என்று உழைத்துச் சொந்த வீடு வைத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் விடாமல் போராடிய பிறகு, 2021-ல் நகர மன்றம் அந்த அநீதியை ஒப்புக்கொண்டு தீர்மானம் போட்டது. அந்தப் பெண்மணி சொல்லியிருக்காவிட்டால் மாணவர்கள் பையோடு போய்வருகிற இன்னொரு தெருவாகத்தான் அதைக் கடந்திருப்பேன்.

போன வசந்தத்தில் அம்மா வந்திருந்தார். காப் ஹவுஸைச் சுற்றிக் காட்டி, அது போய்வந்த கதையைச் சொல்லி, அங்கிருந்து லின்னென்டவுன் இருந்த சரிவுக்குக் கூட்டிப்போனேன். அம்மா விடுதிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏண்டி, இங்க இருந்ததும் மர வீடுதானே?"

"ஆமாம்மா," என்றேன்.