எத்தனை கப்பல் இருக்கிறது, எத்தனை ஓடும்

வேலூரிலிருந்து கணியம்பாடிப் பக்கம் போனால் கம்மவான்பேட்டை வரும். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருக்கும் ஊர் என்று அவ்வப்போது பத்திரிகைக்காரர்கள் வந்து எழுதிவிட்டுப் போவார்கள். நான் அதற்குப் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் பக்கம் பட்டாளம் என்றால் தரைப்படைதான். மெட்ராஸ் ரெஜிமெண்ட், சிக்னல்ஸ் என்பதெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் புழங்கும் பெயர்கள். நான் கடற்படைக்கு எழுதிப் போட்டதும் எங்கள் நைனா ஒன்றுதான் கேட்டார்: "பாலாத்துலயே தண்ணி பாத்ததில்ல, கடல்ல போய் இன்னாடா பண்ணப்போற?"

கடலுக்குப் போனேன், ஆனால் கடலை அதிகம் பார்க்கவில்லை. ரோந்துக் கலத்தில் இன்ஜின் ரூம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். ஜன்னல் கிடையாது. நான்கு மணி நேர வாட்ச் என்ற ஷிப்ட், காதை அடைத்த மஃப், கையில் லாக் புக். எண்ணெய் அழுத்தம், தண்ணீர்ச் சூடு, புகைக்குழாய்ச் சூடு எல்லாம் மணிக்கு மணி எழுத வேண்டும். மேலே டால்பின் கூட்டமாக வந்தது என்று பையன்கள் வந்து சொல்வார்கள். வரட்டும் என்பேன்.

கற்றுக்கொண்டதும் கடல் இல்லாத இடத்தில்தான். ஒடிசாவின் சில்காவில் அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் இன்ஜின் வேலை கற்க லோனாவலாவுக்கு அனுப்பினார்கள். ஐ.என்.எஸ். சிவாஜி என்ற அந்தக் கடற்படைப் பயிற்சிப் பள்ளி இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை மேல். விடுமுறைக்கு ரயிலேறி அரக்கோணத்தில் இறங்கினால் அங்கேயும் கடற்படை, அங்கேயும் கடல் இல்லை. 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்த ஐ.என்.எஸ். ராஜாளி விமானத்தளம் அது. டி.யூ-142 என்ற ரஷ்ய விமானம் நான்கு இன்ஜினோடு கிளம்பும்போது சுற்று வட்டாரத்தில் பேச்சு நின்றுவிடும். 2017 மார்ச்சில் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். ராஜாளிக்குத் திரும்ப வருகிறேன். இந்தக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

என் பணிக்காலத்தில் பெரும்பகுதி சிறிய கலங்களில் கழிந்தது. திரிங்கட் வகை என்று நான்கு கலங்கள் இருந்தன: திரிங்கட், தில்லாஞ்சாங், தராசா, தர்முக்ளி. நான்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பெயர்கள். கொல்கத்தா கார்டன் ரீச்சில் கட்டி 2000, 2001-ஆம் ஆண்டுகளில் சேர்த்தவை. நீளம் 46 மீட்டர், ஜெர்மன் எம்.டி.யூ. டீசல் இன்ஜின் இரண்டு, ஆட்கள் முப்பது சொச்சம். இந்த நான்கில் மூன்றை நாம் கொடுத்துவிட்டோம். தர்முக்ளி, ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் சீஷெல்ஸ் தீவு நாட்டுக்குப் போய் டோபாஸ் ஆனது. தில்லாஞ்சாங் 2006-இல் மாலத்தீவுக்குப் போய் ஹுராவீ ஆனது. தராசா 2014-இல் சீஷெல்ஸுக்குப் போய் கான்ஸ்டன்ட் ஆனது. இதுபோலத்தான் சரயு என்ற பெரிய ரோந்துக் கப்பல் 2000-இல் இலங்கைக்குப் போய் சயுர ஆனது. இதை எங்கள் ஊர் டீக்கடையில் சொன்னால் அன்றைக்கு எனக்கு டீ கிடைக்காது. ராமேசுவரத்து மீனவர் விஷயத்தில் கடைக்காரருக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. அதனால் அந்தப் பேச்சை அங்கே எடுப்பதில்லை.

வாங்கிக்கொண்ட நாடுகளின் நிலைமை நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடாது. சீஷெல்ஸ் நாட்டின் மொத்த மக்கள் தொகை ஆம்பூர் நகராட்சி அளவு, ஏறத்தாழ ஒரு லட்சம். நிலம் சுமார் 455 சதுர கிலோமீட்டர். ஆனால் அது காவல் காக்க வேண்டிய கடல் 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது பத்துத் தமிழ்நாடு. வாட்ச் முடிந்து தூக்கம் வராத ஓர் இரவில் லாக் புக்கின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கலம் 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 12 கடல் மைல், இரவு பகலாகப் போகிறது, இருபுறமும் பத்துப் பத்துக் கடல் மைல் தெரிகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் அது பார்த்து முடிப்பது இருபதாயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முழுக் கடலையும் ஒருமுறை சுற்றிவர இரண்டு மாதத்துக்கு மேலாகும். அதுவும் டீசல் தீராமல், எதுவும் உடையாமல், புயல் வராமல். ஃபைபர் படகு ராடாரில் சரியாக விழாது என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. முதல் நாள் பார்த்த இடத்தில் இரண்டாம் நாள் எவன் வலை போடுகிறான் என்பதற்கும் பதில் கிடையாது.

அதனால்தான் விமானம் வேண்டியிருக்கிறது. 2013-இல் சீஷெல்ஸுக்கு இந்தியா டோர்னியர் என்ற சிறு ரோந்து விமானம் ஒன்றைக் கொடுத்தது. 2016 மார்ச்சில் நம் கடற்படையின் பி-8ஐ விமானம் அங்கே போய் அவர்களுடைய கடலைச் சுற்றிப் பார்த்துக் கொடுத்தது. பி-8ஐ விமானங்களின் முதல் தளம் ராஜாளி. அரக்கோணத்தில் வயலுக்கு மேலே தாழப் பறந்துபோகும் விமானம் எங்கோ ஒரு தீவுக் கூட்டத்தின் சூரை மீனுக்குக் காவல் போய்விட்டு வருகிறது என்று ஊரில் சொன்னால், "சும்மா இருப்பா" என்பார்கள். ஆனால் விமானம் பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். கயிறு வீசி, ஏறி, பிடித்துக் கரைக்குக் கொண்டுவரக் கலம் வேண்டும். அந்தக் கலம் அன்றைக்கு ஓட வேண்டும்.

இந்த 'அன்றைக்கு ஓட வேண்டும்' என்பதன் பாரத்தை நான் பார்த்தது விசாகப்பட்டினத்தில். நட்பு நாடு ஒன்றின் ரோந்துக் கலம் ரீஃபிட் என்ற பெரிய பராமரிப்பு வேலைக்கு வந்திருந்தது. எந்த நாடு என்று சொல்ல வேண்டாம். அந்த அளவுக் கலத்தை ஏற்றிப் பழுதுபார்க்கும் டிரை டாக் அவர்கள் ஊரில் இல்லை. அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டவும், தேய்ந்த ஜிங்க் பிளேட்டை மாற்றவும், ஷாஃப்டைப் பார்க்கவும் கடல் தாண்டி வர வேண்டும். சீஷெல்ஸிலிருந்து நம் கொச்சிக்கே ஏறத்தாழ 1500 கடல் மைல். 12 நாட் வேகத்தில் ஐந்து நாளுக்கு மேல். நோயாளி தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய கதை. நடக்க முடியாத நிலையில் இருந்தால் வரவே முடியாது.

அந்தக் கலத்தின் இன்ஜின் ரூமில் அவர்கள் ஆட்களோடு நான் வேலை செய்தேன். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. என் இந்தி அவர்களுக்குத் தெரியாது. இங்கிலீஷ் இரண்டு பக்கமும் அரைகுறை. ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் எப்படியும் கைஜாடைதான் என்பதால் பெரிய கஷ்டம் இல்லை. அவர்களுடைய தலைமை மெக்கானிக், நாம் கலத்தை ஒப்படைத்த நாளிலிருந்து அதிலேயே இருப்பவர். நம் கடற்படையில் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றல் வந்துவிடும். ஒரு இன்ஜினின் குணம் பிடிபடுவதற்குள் இன்னொரு கப்பல், இன்னொரு இன்ஜின். அவருக்கோ அந்த இரண்டு இன்ஜினும் பெற்ற பிள்ளை மாதிரி. எந்த சிலிண்டர் எந்தச் சூட்டில் முரண்டு பிடிக்கும் என்று லாக் புக்கைப் பார்க்காமலே சொல்வார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகுதான் அதன் இன்னொரு பக்கம் தெரிந்தது. அவர் காய்ச்சலில் படுத்தால் கலமும் கரையில் படுக்கும். அந்த இன்ஜினை முழுதாகப் பிரித்துப் பூட்டக்கூடியவர்கள் அவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவே. அவர் பெரிய விடுமுறை எடுத்தே பல காலம் ஆகியிருந்தது.

ஸ்பேர் பார்ட் கதை இதைவிடக் கஷ்டம். கடல்நீர் பம்பின் ஒரு சீல் போனால் நாங்கள் ஸ்டோருக்கு ஆளனுப்புவோம். அங்கே இல்லையென்றால் பக்கத்துக் கப்பலில் கேட்போம். அவர்கள் பட்டியல் எழுதி, மேலதிகாரி கையெழுத்திட்டு, தூதரகம் வழியாகவோ கம்பெனி வழியாகவோ கேட்டு, விமானத்திலோ கப்பலிலோ வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மீன் திருடுகிறவன் காத்திருப்பானா? அதனால் ஒரு கலத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். கடற்படையில் இதை 'கேனிபலைஸ்' என்போம். நாங்களும் செய்திருக்கிறோம். ஆனால் நூறு கப்பல் இருக்கிற இடத்தில் ஒன்றிலிருந்து கழற்றுவது வேறு, மூன்றே இருக்கிற இடத்தில் கழற்றுவது வேறு. முதல் மாதம் ஒரு பம்ப், அடுத்த மாதம் இரண்டு இன்ஜெக்டர், அப்புறம் ஜெனரேட்டரின் கார்டு. வருடக் கடைசியில் அந்தக் கலம் துறைமுகத்தில் கொடியோடு மிதக்கும், வண்ணம்கூட அடித்திருப்பார்கள். கடற்படைப் பட்டியலில் அதற்குப் பெயர் உண்டு, எண் உண்டு. கடலுக்கு மட்டும் போகாது.

ரோந்தின் தன்மையும் இன்ஜினுக்கு விரோதம். அந்த டீசல்கள் துரத்திப் பிடிப்பதற்காகச் செய்தவை. முழு வேகத்தில் ஓடினால்தான் அவற்றுக்குச் சுகம். ஆனால் வேகத்தை இரட்டித்தால் ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். எண்ணெய்க்குக் காசில்லாத நாடு எப்போதும் மெதுவாகத்தான் ஓட்டும். மெதுவாக ஓட்டினால் டீசல் முழுதாக எரியாமல் கரி படியும், புகைக்குழாயில் எண்ணெய் வடியும், சிலிண்டர் சுவர் வழவழத்துப்போகும். காசை மிச்சம் பிடிக்க மெதுவாக ஓட்டியதே அடுத்த ஓவர்ஹாலைச் சீக்கிரம் வரவைக்கும். வழி இல்லாமல் இல்லை. சில மணிக்கொருமுறை கொஞ்ச நேரம் வேகம் கூட்டிக் கரியை எரித்துவிட வேண்டும். அதை எண்ணெய்க் கணக்கு பார்க்கிறவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்குவதுதான் மெக்கானிக்கின் பாடு.

ஓய்வுபெற்று வந்து ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். இங்கேயும் அதே சண்டை. தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் அதில் கால்வாசி லோடுகூட ஏறாது. கருப்புப் புகை வருகிறது என்று புகார் வந்ததும் இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிறார்கள். "இன்ஜெக்டர் நல்லாதான் கீது சார், லோடுதான் இல்ல" என்றால் ஆபீஸில் யாரும் நம்புவதில்லை. கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் ஆர்.ஓ. பிளாண்டைப் பார்த்தபோதும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. கப்பலில் கடல்நீரைக் குடிநீராக்குவது அதே தத்துவம்தான். 2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் குடிநீர் நிலையம் தீப்பிடித்து ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது முதலில் போய்ச் சேர்ந்த கப்பல்களில் ஒன்று ஐ.என்.எஸ். சுகன்யா. அதுவும் ரோந்துக் கப்பல்தான், முன்பு சொன்ன சரயுவின் அக்கா. குடத்தோடு லாரிக்கு நின்று பழகிய எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு, கடற்படை செய்த வேலைகளில் இது ஒன்று உடனே புரியும்.

சண்டைக் கதை கேட்கிறவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். 2010 மார்ச் கடைசியில், நாம் கொடுத்த அதே டோபாஸ், சோமாலியக் கொள்ளையர் பிடித்துவைத்திருந்த ஈரானியக் கலம் ஒன்றை மறித்தது. 21 ஈரானியர், 6 சீஷெல்ஸ் மீனவர்கள், ஆக 27 பேர் உயிரோடு மீண்டார்கள். செய்தியில் துப்பாக்கிச் சூடுதான் பெரிதாக வந்தது. எனக்கு வேறு நினைப்பு ஓடியது. கட்டி ஒன்பது வருடமான கலம், இரண்டு இன்ஜினும் ஒரே நேரத்தில் முழு வேகம் கொடுத்திருக்க வேண்டும். கீழே வாட்சில் நின்றவன் யாரோ, அவன் பெயர் எந்தச் செய்தியிலும் இல்லை.

பழைய கலத்தைக் கொடுப்பது குறைந்து, புதிதாகக் கட்டிக் கொடுப்பது இப்போது நடக்கிறது. மொரீஷியஸுக்காகக் கட்டிய பாரகுடா 2015-இல் சேவைக்கு வந்தது. 74 மீட்டர், 1300 டன், இந்தியா வெளிநாட்டுக்குக் கட்டி ஏற்றுமதி செய்த முதல் போர்க்கப்பல். அங்கே தனிக் கடற்படையே கிடையாது, கடலோரக் காவல் போலீஸில் ஒரு பிரிவு. சீஷெல்ஸுக்கு 2021-இல் ஸொரோஸ்டர் என்ற ரோந்துக் கலம் போனது. மாலத்தீவின் பழைய ஹுராவீக்குப் பதிலாக 2023 மே மாதம் இன்னொரு கலம் போனது. அதன் பழைய பெயரும் தர்முக்ளிதான். முதல் தர்முக்ளி போன பிறகு அதே பெயரில் கட்டியது, அதுவும் தீவு நாட்டுக்கே போய்விட்டது. இதில் புரொபெல்லர் கிடையாது, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் வாட்டர்ஜெட். பவளப்பாறைக் கடலில் பாறையில் இடித்து இறக்கை மடங்கும் பயம் இல்லை. கயிறும் பிளாஸ்டிக்கும் உறிஞ்சிக்கொள்ளும் தொல்லை உண்டு. இன்ஜின் மூன்று. மூன்று என்றால் ஃபில்டரும் பெல்ட்டும் சீலும் எல்லாம் மூன்று செட்.

அந்தச் செய்தி வந்த அன்று ஷிப்டில் இருந்த பையன் போனை நீட்டினான். கம்மவான்பேட்டைக்காரன், ஐ.டி.ஐ. முடித்தவன்.

"அண்ணா, புதுக் கப்பல் குட்த்துட்டாங்கணா."

"ஸ்பேர் இன்னா குட்த்தாங்கனு போட்டுகீதா பாரு."

மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "அதெல்லாம் போடலணா. பேண்டு வாத்தியம் வாசிச்சாங்கனு போட்டுகீது."