வெற்றிலை சாப்பாட்டில் சேருமா?

இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு கூடாது, தண்ணீரும் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். மறுநாள் காலை, மருந்தைக் குடிக்க வைத்து உணவுக்குழாயை எக்ஸ்ரேயில் பார்க்கும் பேரியம் சோதனை அறை வாசலில் நர்ஸ், "ஏதாவது சாப்பிட்டீர்களா அம்மா?" என்று கேட்டபோது, "பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை" என்றார். சொன்ன வாய் செக்கச் சிவந்திருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வெற்றிலை போட்டால் எச்சில் ஊறும்; அதை விழுங்க விழுங்க, குடிக்கிற மருந்து உணவுக்குழாய்ச் சுவரில் சரியாகப் படியாதாம். இதையும் அந்தச் சீட்டிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம். எங்கள் வீட்டில் வெற்றிலையை யார் சாப்பாட்டுக் கணக்கில் வைத்தார்கள்?

மூன்று மாதமாக இட்லிகூட நெஞ்சில் நின்று நின்றுதான் இறங்குகிறது. விழுங்கும்போதே எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும், அசையாத படம் போதாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இரண்டாம் முறை வெற்றிலைப் பெட்டியைப் பீரோவின் மேல் ஏற்றிவிட்டேன். சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்பதால் முதல் ஆளாக நேரம் வாங்கினேன். மிச்சம் இருந்தது தாலிக்கொடி. கழுத்தில் உலோகம் இருந்தால் படத்தை மறைக்கும். அம்மா கழற்றச் சம்மதிக்கவில்லை. கடைசியில் விரலி மஞ்சள் கோத்த கயிற்றை அப்பா கட்டிவிட, அதன் பிறகுதான் கொடி என் கைக்கு வந்தது. அப்பாவுக்குக் கை நடுங்கி முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

உள்ளே ஒரு டம்ளர் நிறைய வெள்ளைத் திரவம். "வெற்றிலை கூடாதாம், சுண்ணாம்பை மட்டும் கரைத்துக் கொடுக்கிறார்கள்" என்று அம்மா முணுமுணுத்தார். அது சுண்ணாம்பு இல்லை, பேரியம் சல்பேட். தண்ணீரில் கரையாது, உடம்பிலும் சேராது. "வாயிலேயே வைத்திருங்கள், சொல்லும்போது விழுங்குங்கள்" என்றார் டெக்னீஷியன். கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று பார்த்தேன். திரையில் கரிய தாரை ஒன்று கழுத்து வழியே சரசரவென்று இறங்கி, நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றது. சற்றுத் தயங்கியது. பிறகு மெல்லிய கோடாக நழுவியது. அம்மா மூன்று மாதமாகச் சொன்ன அதே இடம்.

மலம் இரண்டொரு நாள் வெள்ளையாகப் போகும், பயப்பட வேண்டாம், மலச்சிக்கல் வராமல் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ரிப்போர்ட் வியாழக்கிழமை வரும்.

ஆட்டோவில் ஏறியதும் அம்மா கொடியைக் கேட்பார் என்று பையைத் திறந்தேன். "அது இருக்கட்டும், பெட்டியை எங்கே வைத்தாய்?" என்றார்.