சரித்திர மாஸ்ரர் காட்டித் தந்த ஸ்பெயின் அரசர்கள்

உயர்தர வகுப்பில் ஐரோப்பிய சரித்திரம் என்றால் எங்களுக்கு யுத்தங்களும் உடன்படிக்கைகளும்தான். பாடமாக்கிச் சோதனையில் எழுதிவிட்டு மறந்துவிடுவோம். அதை மாற்றியவர் எங்கள் சரித்திர மாஸ்ரர். ஸ்பெயின் அரியணை யாருக்கு என்று நடந்த யுத்தத்தின் முடிவில் வந்த, 1713 ஆம் ஆண்டின் யூட்ரெக்ட் உடன்படிக்கையைப் படிப்பித்து முடித்ததும் புத்தகத்தை மூடினார். "சரி, இவ்வளவு சனம் செத்து அரியணையில இருத்தின ஐந்தாம் பிலிப்பு எப்பிடி இருந்தவன் எண்டு தெரியுமோ?"

பிலிப்பு கடும் மனச்சோர்வில் கிடந்தவன். உடுப்பு மாற்றமாட்டான். கால்நகம் வெட்டாமல் வளர்ந்து நடக்கவே கஷ்டப்பட்டான். பகலில் படுத்துவிட்டு, நடுச்சாமத்தில் மந்திரிமாரைக் கூப்பிடுவான். 1724 ஜனவரியில் முடியை மகன் லூயிஸிடம் கொடுத்துவிட்டு லா கிராஞ்சா அரண்மனைக்கு ஒதுங்கினான். ஓகஸ்டில் லூயிஸ் பெரியம்மை கண்டு இறந்தான், வயது 17. தகப்பன் திரும்பி வரவேண்டியதாயிற்று. பிறகும் துறக்கப் பார்த்தான், ராணி இசபெல் பர்னேசே விடவில்லை.

ஏன் விடவில்லை என்பதில்தான் மாஸ்ரர் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தார். அடுத்த வாரிசு மூத்த தாரத்து மகன் பெர்டினாந்து. அவன் வந்தால் ராணியின் பிடி போய்விடும். தான் பெற்ற பிள்ளைகளுக்கு இத்தாலியில் ஆட்சி வாங்கிக் கொடுக்க, எழும்ப முடியாத அந்த மனிதன் அரசனாகவே இருக்கவேண்டும். 1737 இல் புகழின் உச்சியில் இருந்த பாடகர் பரினெல்லியை அவள்தான் வரவழைத்தாள். அவர் பொதுமேடையை விட்டுவிட்டு, 1746 இல் மன்னன் இறக்கும்வரை இரவிரவாக அவனுக்காகப் பாடினார்.

அவனுக்குப் பிறகு அரசனான பெர்டினாந்தின் கதை இன்னும் கொடுமை. 1758 ஓகஸ்டில் மனைவி பார்பரா இறந்ததும் வில்லாவிசியோசா கோட்டையில் போய் இருந்துவிட்டான். சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. கடதாசிகளில் கையெழுத்து வைக்க ஆளில்லாமல் ஒரு பேரரசு ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே நின்றது. அடுத்த ஓகஸ்டில் அவனும் போய்ச் சேர்ந்தான்.

லண்டன் வந்தபிறகு இவர்களைப் பற்றி வாசித்தவற்றில் பாதி, அரண்மனை வேடிக்கையாகத்தான் எழுதப்பட்டிருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோயாளிக்கு ஓய்வு கொடுக்க வழியே வைக்காத ஒரு ஆட்சிமுறையை அல்லவா அங்கே பார்க்கவேண்டும்? அப்படிப் பார்க்கப் பழக்கியவர் எங்கள் மாஸ்ரர்.

அவர் சொல்லச்சொல்ல எழுதிய கொப்பிகள் யாரிடமாவது மிஞ்சியிருந்தால் மலர்க்குழுவுக்கு அறியத் தாருங்கள். என்னுடையது இடப்பெயர்வோடு போய்விட்டது.