பேச்சாளர் வருகிறார், கதிரையை எப்படிப் போடுவது?

இளைப்பாறியவர்களின் மாதக் கூட்டம் ஒன்று படுத்துவிட்டால் பழி பேச்சாளர் தலையில் விழும். பெரும்பாலும் அவர் மேல் பிழை இருக்காது. மைக் கூவியிருக்கும், ஃபான் இரைந்திருக்கும், மூன்றாம் வரிசைக்குப் பின்னால் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, தேத்தண்ணி கடைசியில்தான் வந்திருக்கும். அடுத்த மாதம் வராதவரைக் கேட்டால் "முழங்கால் நோ" என்பார். முழங்கால் போன மாதமும் நொந்தது.

இங்கிலாந்தில் 1960களின் நடுவில் தொடங்கிய புரோபஸ் கழகங்கள் இந்த விஷயத்தில் தெளிவானவை. ஓய்வுபெற்றவர்கள் மாதத்துக்கு ஒரு தரம் கூடுவார்கள், ஒரு பேச்சாளர் வருவார், காசு சேர்க்கும் வேலை கிடையாது. திருகோணமலைக்கும் அது பொருந்தும். ஆனால் எங்கள் ஊரில் நேரம் குறிப்பதே பாதி வேலை. உறுப்பினரில் சைவர், முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் இருப்பார்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ, வெள்ளி மாலை கோயில், ஞாயிறு சேர்ச். போயா எனும் பௌர்ணமி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். புதன் நல்லது. அஸர் தொழுதுவிட்டு 4 மணிக்கு வரலாம். சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபு யூலையில் 6.30ஐ அண்டி வரும், நவம்பரிலோ 5.45இற்கே வந்துவிடும். ஆகவே வருசம் முழுக்க 4 தொடக்கம் 5.30 என்று வைத்தால் மாதாமாதம் மாற்றத் தேவையில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் காலை 10 மணிக்கு மாற்றித் தின்பண்டத்தை நிறுத்திவிடலாம். அந்த மாதம் பேச்சும் 15 நிமிடம் போதும்.

பேச்சாளரைக் கொழும்பிலிருந்து கூப்பிடும் ஆசை எல்லாச் செயலாளருக்கும் வரும். ரயிலில் இரவு முழுக்க வந்து, தூக்கக் கலக்கத்தோடு 25 நிமிடம் பேசிவிட்டுப் போக எவர் வருவார்? ஊருக்குள்ளேயே ஆள் இருக்கிறது. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி மருந்தாளர் ஒருவர் வந்து பிறசர் குளிசையையும் நோக்குளிசையையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும் என்று சொன்னால், அந்தக் கூட்டத்தில் எவரும் தூங்கமாட்டார்கள். புறாமலையின் முருகைக்கற்கள், கடலில் தென்படும் நீலத்திமிங்கிலம், சீனன்குடாவின் 99 எண்ணெய்க் குதங்கள், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டது, 1964 டிசம்பர்ச் சூறாவளி என்று தலைப்புக்குப் பஞ்சமில்லை.

உறுப்பினரே பேசலாம், அதுதான் பல சமயம் மேலானது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்த ஒருவர் 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைத்த கதையை அணைக்கட்டின் குறுக்குவெட்டுப் படத்தோடு விளக்குவதைப் போல வேறெவரும் விளக்க முடியாது. ஆனால் தலைப்பை நறுக்கிக் கொடுக்க வேண்டும். "என் சேவைக்கால அனுபவங்கள்" என்று விட்டால் முதல் நியமனத்திலிருந்து தொடங்கும். "குளக்கட்டில் நீர்க்கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது" என்று கொடுத்தால் 25 நிமிடத்தில் முடியும். இப்படி 15 நிமிடப் பேச்சு ஒன்றை எப்போதும் ஒருவர் கைகாவலாக வைத்திருக்க வேண்டும். டாக்டர்மாருக்குக் கடைசி மணித்தியாலத்தில் அவசரம் வருவது சகஜம்.

அழைப்பு மூன்று கிழமைக்கு முன். அதில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: எத்தனை நிமிடம், எத்தனை பேர், அவர்களின் வயது, எந்த மொழி. சிங்களத்தில் பேசுகிறவர் வந்தால் மொழிபெயர்ப்புக்கு அதே அளவு நேரம் போகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 25 நிமிடப் பேச்சு 50 ஆகிவிடும். அவரிடம் 12 நிமிடம் மட்டும் கேளுங்கள். மூன்று நான்கு வசனத்துக்கு ஒருதரம் நிறுத்தச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பவருக்குக் கலைச்சொற்களை முதல்நாளே கொடுங்கள். பிறகு மூன்று நாளுக்கு முன் ஒரு அழைப்பு, அன்று காலை ஒன்று. அறிமுகக் குறிப்பைப் பேச்சாளரிடமே நாலு வரியில் எழுதி வாங்கினால் பதவியைப் பிழையாகச் சொல்லும் சங்கடம் வராது.

ஸ்லைட் கொண்டுவருகிறவரிடம் ஒரு கேள்வி கட்டாயம்: எழுத்து பாமினியா, யுனிகோட்டா? பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத மடிக்கணினியில் திறந்தால் "அம்மா" என்பது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பிடிஎஃப் ஆக மாற்றி பென்ட்ரைவில் கொண்டுவரச் சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்தது. திரையைக் கிழக்குச் சுவரில் கட்டாதீர்கள், மாலை வெயில் மேற்கு யன்னலால் வந்து நேரே அதில் விழும். வடக்கோ தெற்கோ பரவாயில்லை.

இனிக் காது. வயதோடு முதலில் போவது உயர்ந்த சுருதி. ச, த, ப போன்ற மெய்யொலிகள் மங்கும். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. ஆகவே ஒலியைக் கூட்டுவதால் மட்டும் பயனில்லை. வாயைப் பார்க்க முடிந்தால் பாதி விளங்கும். 30 பேருக்குக் கதிரைகளை லாட வடிவில் இரண்டே வரிசையாகப் போடுங்கள். பேச்சாளரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், அவருக்குப் பின்னால் யன்னல் இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் பெட்டிகள் பேச்சாளருக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி. அவருக்குப் பின்னால் வைத்தால் பெட்டியின் சத்தம் மைக்குக்குள் திரும்பப் புகுந்து கூவும். மைக் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கட்டும். "எனக்கு மைக் தேவையில்லை, வாத்தியாராக இருந்தனான்" என்று சொல்பவரை நம்பவே கூடாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்தால் மைக்கில் காற்று இரையும், பூட்டினால் அவியும். காற்று வரும் பக்கத்தை மட்டும் சாத்தி எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். மார்கழி மழை தகரக்கூரையில் பிடித்துக்கொண்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி கொடுப்பதைத் தவிர வழியில்லை.

மங்கல விளக்கு, மாலை, பொன்னாடை எல்லாம் மாதக் கூட்டத்துக்கு வேண்டாதவை. விளக்குக்காக ஃபானை நிறுத்துவார்கள், திரி பிடிக்காது, ஆறு பிரமுகர் வரிசையில் நிற்பார்கள், 20 நிமிடம் வியர்வையில் போகும். பொன்னாடைக் காசைப் பேச்சாளரின் ஓட்டோக் கூலிக்குக் கொடுப்பது மரியாதை.

தேத்தண்ணி பேச்சுக்கு முன்னால் வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பேச்சுக்குப் பின்னால் வைத்தால் குடித்ததும் போய்விடுவார்கள். முன்னால் வைத்தால் அந்த அரை மணித்தியாலத்தில்தான் யாருடைய மகள் கனடாவிலிருந்து வந்தாள், யாருக்குக் கண்ணில் ஒப்பரேசன் என்ற கதை எல்லாம் நடக்கும். பேச்சு அதற்கு ஒரு சாட்டு என்றும் சொல்லலாம். 30 பேருக்கு ஐந்து லீற்றர் தண்ணீர், 70 கிராம் தேயிலை, நாலு நிமிடம் ஊறவிட்டு வடிக்க வேண்டும். கூட நேரம் விட்டால் கயர்க்கும். சீனியைக் கலக்காமல் தனியே வையுங்கள், பாதிப்பேருக்குச் சலரோகம். பால்மா 400 கிராம் பக்கெற் ஒன்று காணும். கொதிநீரில் நேரே கொட்டினால் கட்டிபடும், இளஞ்சூட்டு நீரில் முதலில் கரையுங்கள். ஒரு கிலோ கடலையைச் சுண்டலாக்கினால் ஆளுக்கு அரைக் கோப்பை வரும். முதல்நாள் இரவே ஊறப்போட்டு, விரலால் நசியுமளவுக்கு அவிக்க வேண்டும். கட்டுப்பல்லுக்கு அரைவேக்காட்டுக் கடலை எதிரி.

கேள்வி நேரம் ஆபத்தான நேரம். சபையில் இருப்பவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் தலைமைக் கதிரையில் இருந்தவர்கள். கேள்வி கேட்கிறேன் என்று எழும்பி இன்னொரு பேச்சு நிகழ்த்துவார்கள். தேத்தண்ணியோடு சின்னக் கடதாசித் துண்டுகளைக் கொடுத்துக் கேள்வியை எழுதி வாங்கித் தலைவர் வாசித்தால் இது நின்றுவிடும். எழும்பக் கூச்சப்படுகிறவரின் கேள்வியும் அப்படித்தான் வெளியே வரும். நன்றியுரை இரண்டு நிமிடம். பேசியதையே திரும்பச் சொல்வது நன்றியுரை ஆகாது.

வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது எண்ணிக்கைக்காக அல்ல. மறுநாள் காலை அதைப் பார்த்து, வராதவர்களை ஒருவர் தொலைபேசியில் எடுக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். நேற்றையப் பேச்சைப் பற்றிச் சொல்லத் தொடங்குங்கள், ஐந்து நிமிடத்தில் தலைச்சுற்று, விழுந்தது எல்லாம் தானாக வெளிவரும். இரண்டு தரம் எடுத்தும் பதில் இல்லாவிட்டால் அயலில் உள்ள உறுப்பினர் படலை வரைக்கும் போய்ப் பார்க்கட்டும். அதற்காக ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே, கிட்ட இருப்பவரின் பெயரும் வீட்டில் வேறொருவரின் இலக்கமும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும். நாய் உள்ள வீடு என்றால் அதையும்.