பிள்ளை கையில் ஒரு ஆட்டுக்குட்டி

குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கம் பிள்ளைகளுக்கு ஆட்டுக்குட்டி வாங்கித் தர்றவங்க, கூடவே ஒரு நோட்டும் கொடுங்க. வாராவாரம் எடை எழுதுற பிள்ளைக்குத்தான் "ஏன் ஏறல, குடற்புழுவா?"ன்னு கேட்கத் தோணும். புதுச்சேரி குரும்பாப்பேட்டு கால்நடை மருத்துவக் கல்லூரியில சேரணும்ங்கிற ஆசையும் அந்தக் கேள்வியிலதான் முளைக்கும்.

வீட்டு ஆடு ஈன்றா, அரை மணி நேரத்துக்குள்ள சீம்பால். 2 கிலோ குட்டிக்கு முதல் நாள் 200 மில்லி, நாலு தடவையா. நிக்க முடியாத குட்டிக்குக் காம்பை வாயில வச்சுப் பிடிக்கணும். எவ்வளவு பொறுமை வேணும் தெரியுமா!

ஐப்பசி மழைக்கு முன்னாடியே துள்ளுமாரிங்கிற குடல் நச்சு நோய்க்குத் தடுப்பூசி போட்டுடுங்க. மழையில துளிர்த்த இளம்புல்லை வெறும் வயித்துல அளவில்லாம மேய்ஞ்சா, கொழுகொழுன்னு இருந்த குட்டி விடியறதுக்குள்ள துள்ளி விழுந்து செத்துடும். காய்ந்த கடலைக்கொடி கொஞ்சம் போட்டுட்டு அவிழ்த்து விடுங்க.

பிள்ளைகிட்ட சொல்லாம மட்டும் வித்துடாதீங்க. விலை பேசுறப்ப பக்கத்துல நிக்கட்டும்; தீவனச் செலவு போக மிச்சத்தை அதே நோட்டுல எழுதட்டும்.