மேசை மேல் கெல்சோ: இதுவரை முடிந்த வேலைகள்

கெல்சோ ரயில் நிலையத்தின் வளைவுத் தாழ்வாரம் ஒருவழியாக எழுந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் உள்ள இந்தச் சின்ன ரயில் ஊரை, 1944-ல் இருந்த கோலத்தில், 160-ல் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் கட்டடத்தைத் தொடவில்லை, ரயில் பாதையின் ஏற்றத்தைத்தான் போட்டேன். கெல்சோ என்ற ஊரே அந்த ஏற்றத்தால் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸையும் சால்ட் லேக் சிட்டியையும் இணைக்கும் பாதை 1905-ல் முடிந்தது. அதில் கெல்சோவிலிருந்து சீமா என்ற இடம் வரை சுமார் 30 கிலோமீட்டருக்குச் செங்குத்தான ஏறுமுகம். 100 மீட்டருக்கு 2.2 மீட்டர் வரை ஏறும். நீராவி இன்ஜின் தனியாகச் சுமையை இழுத்து ஏற முடியாது, கூட ஒரு துணை இன்ஜின் வேண்டும். பக்கத்து மலை ஊற்றுகளில் தண்ணீரும் கிடைத்தது. அதனால் துணை இன்ஜின்களும் அவற்றை ஓட்டுபவர்களும் இங்கேயே தங்கினார்கள். ஊருக்குப் பெயர் வைத்தது தொப்பிக்குள் சீட்டுப் போட்டு. வந்தது ஒரு கிடங்குத் தொழிலாளியின் பெயர்.

அளவு மாறாமல் செய்தால் சீமா வரை 190 மீட்டர் தண்டவாளம் போட வேண்டும். நீளத்தைச் சுருக்கினேன், சரிவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 120 சென்டிமீட்டருக்கு 2.6 சென்டிமீட்டர் உயரம் வருமாறு தெர்மாகோலைச் சீவி அடுக்கினேன். நீளமான சரக்கு ரயிலை ஒற்றை இன்ஜினில் ஏற்றிப் பார்த்தேன். பாதியிலேயே சக்கரம் வழுக்கிச் சுற்றியது. அதே வகை இன்ஜின் இன்னொன்றைச் சேர்த்ததும் நிதானமாக ஏறியது. அந்த ஊர் ஏன் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குக் கையில் பிடிபட்டது.

1924-ல் திறந்த நிலையம் ஸ்பானியப் பாணி மாளிகை மாதிரி இருக்கும். சுவர்களைச் சன்போர்டு என்ற கனமில்லாத பலகையில் வெட்டினேன். ஓட்டுக் கூரைக்கு அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்து, உள்ளே இருக்கும் நெளிதாளுக்குச் செங்கல் நிறம் பூசினேன். தொட்டால் நசுங்கும்; பூசுமுன் நீர்த்த பசையைத் தடவிக் காயவிட்டால் கெட்டியாகிவிடும். கீழ்த்தளத்தில் பீனரி என்ற சாப்பாட்டுக் கூடம் இரவும் பகலும் திறந்திருக்கும். ஆகவே அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் மட்டும் மஞ்சள் எல்ஈடி.

1944-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பக்கத்தில் இருந்த வல்கன் இரும்புச் சுரங்கம். உலகப்போர் நடந்த காலம். ஃபான்டானா எஃகு ஆலைக்கான இரும்புத் தாது லாரியில் கெல்சோவுக்கு வந்து ரயிலேறியது. ஊரில் மக்கள்தொகை 2,000-ஐ நெருங்கியது. 1947-ல் சுரங்கம் மூடியது. அப்புறம் டீசல் இன்ஜின்கள் வந்தன, துணை இன்ஜினுக்கு வேலை இல்லை. 1985-ல் பீனரியும் மூடியது. கட்டடத்தையே இடிக்க இருந்தார்கள். மக்கள் போராடி அதைக் காப்பாற்றியதை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. 2005-ல் அது மொஹாவி தேசிய இயற்கைக் காப்பகத்தின் பார்வையாளர் மையமாகத் திறந்தது.

அடுத்து நிலையத்தின் முன்னால் புல்தரையும் பனை வகை மரங்களும், பிறகு தண்ணீர்த் தொட்டி. தாது ஏற்றும் இடத்துக்குச் செந்நிறப் பொடியைச் சலித்து வைத்திருக்கிறேன்.