பிரேமில் விரிசலா? முதலில் நரம்பை அறுங்கள்

பேட்மின்டன் ராக்கெட்டின் பிரேமில் விரிசல் என்று உறுதியானால், கோர்ட்டை விட்டு இறங்குவதற்குள் நரம்பை அறுத்துவிட வேண்டும். ஒட்டலாமா, புதிது வாங்கலாமா என்பதெல்லாம் அப்புறம். போன வாரம் இதற்காக என் டபுள்ஸ் பார்ட்னரோடு சண்டையே போட்டேன். நடுவில் வந்த ஷட்டிலுக்கு இரண்டு பேரும் வீசியதில் ராக்கெட்டுகள் மோதிக்கொண்டன. அவனுடையதில், தலையின் உச்சிக்குச் சற்று இடப்புறம், மயிரிழை போல ஒரு கோடு.

"பெயிண்ட்தான்க்கா போயிருக்கு. இந்த கேமை முடிச்சிரலாம்" என்றான்.

பெயிண்ட்தானா என்று பார்க்க நகம் போதும். பெயிண்ட் மட்டும் பெயர்ந்திருந்தால் அதன் விளிம்பு நகத்தில் தட்டும், அடியில் கருப்புக் கார்பன் வழவழவென்று இருக்கும். விரிசலாக இருந்தால் அந்தக் கார்பனிலேயே நகம் சிக்கும். கோடு பெரும்பாலும் நரம்புத் துளையை நோக்கி ஓடும். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் அந்த இடம் அமுங்கும், சில சமயம் முனகவும் செய்யும். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு நாணயத்தால் பிரேமைச் சுற்றித் தட்டிக்கொண்டே வரலாம். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும் சத்தம், விரிசல் விட்ட இடத்தில் மந்தமாகிவிடும். அவன் ராக்கெட்டில் நகமும் சிக்கியது, அழுத்தினால் அமுங்கவும் செய்தது.

நரம்பு புதிது, அறுக்க அவனுக்கு மனசே வரவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுக்கில் 22 இழைகள். ஒவ்வொன்றையும் 25 பவுண்டில் இழுத்துக் கட்டினால் மொத்தம் 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ. குறுக்கு இழைகளின் இழுப்பு தனி. 85 கிராம்கூட வராத ஒரு ராக்கெட் இதை இராப்பகலாகத் தாங்கி நிற்கிறதென்றால், இழுப்பு எல்லாப் பக்கமும் பரவலாக இருப்பதால்தான். ஓரிடம் விட்டுக்கொடுத்தால் போதும், ஆட வேண்டியதே இல்லை, பைக்குள் சும்மா கிடக்கும்போதே விரிசல் நீண்டு தலை கோணிப்போகும்.

அறுப்பதற்கும் முறை உண்டு. நடுவில் தொடங்கி, நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்று என்று மாற்றி மாற்றி வெளிப்பக்கம் போக வேண்டும். ஓர் ஓரத்திலிருந்து வரிசையாக அறுத்தால் மறுபக்கத்து இழுப்பு அப்படியே நிற்கும், பிரேம் வளையும். விரிசலே இல்லாமல் ஆட்டத்தில் நரம்பு தானாக அறுந்தாலும் இதையேதான் செய்கிறேன். முக்கியமாக, ஷட்டில் உச்சியில் பட்டு அறுந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிப்பதில்லை.

ஒட்டுவதைப் பற்றி. சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் அது கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், முதல் ஸ்மாஷிலேயே விட்டுவிடும். முறையாகச் செய்வதென்றால் பெயிண்டைத் தேய்த்து எடுத்து, எபாக்சி பசையில் நனைத்த கார்பன் துணியைச் சுற்றி, நன்றாக இறுகும்வரை விட்டு, மறுபடி துளையிட வேண்டும். தேய்க்கும்போது முகமூடி அவசியம், ஈரம் வைத்துத் தேய்ப்பது இன்னும் நல்லது. கார்பன் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது. இவ்வளவும் சரியாக நடந்தாலும் உச்சியில் இரண்டு மூன்று கிராம் கூடிவிடும். தலைப்பக்கம் கூடுகிற எடையைக் கை உடனே உணர்ந்துவிடும். நரம்பையும் பழைய இறுக்கத்தில் கட்ட முடியாது.

சுவரில் அடித்துப் பழகவோ தனியாக சர்வீஸ் போட்டுப் பார்க்கவோ அது போதும். டபுள்ஸுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அவன் பின்னாலிருந்து ஸ்மாஷ் அடிக்கும்போது நெட்டருகே அவனுக்கு முதுகைக் காட்டி நிற்பது நான். உடைந்த கார்பனின் முனை ஊசியாக இருக்கும். ஒட்டுப்போட்ட தலை எப்போது பிய்ந்து வருமென்று எண்ணிக்கொண்டு நெட்டில் நிற்க முடியாது. இதைச் சொன்னதும்தான் கத்தரிக்கோலைக் கையில் வாங்கினான்.

ராக்கெட்டை இப்போது என்னிடமே கொடுத்துவிட்டான். நரம்புத் துளைகளில் செருகியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய்களை, அதாவது குரோமெட்டுகளை, நசுங்காதவையாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குழுவில் இன்னொருவர் அதே மாடலில் ஆடுகிறார். அவருடைய குரோமெட்டுகள் உச்சியில் தேய்ந்துபோய், நரம்பு நேராகக் கார்பனில் பதிய ஆரம்பித்திருக்கிறது. அடுத்த முறை நரம்பு கட்டும்போது இவற்றை அவருக்கு மாற்றிவிட வேண்டும்.